‘சமாளித்துக்கொள்’ என்னும் கொடுமை

கல்லூரி விளையாட்டு விழா மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அனில் கும்ப்ளே மெக்கானிக்கல் இன்ஜினீயர். ஸ்ரீநாத் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர். நம் வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள். அஸ்வின் ஐ.டி. பட்டதாரி. ஆகவே மாணவர்களே, மனமிருந்தால் படிப்பிலும் ஜெயிக்கலாம், மைதானத்திலும் ஜெயிக்கலாம். நேரத்தைத் திட்டமிடத் தெரிந்தால் போதும். இப்படிப் பேசி முடிக்கிறார் சிறப்பு விருந்தினர். அவர் மட்டுமல்ல, முதல்வர், துறைத் தலைவர், பிள்ளையைப் பெற்றவர்கள் என எல்லோரும் இதை மனதார நம்புகிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. தவறு என்பதோடு நில்லாமல் தீங்கும் செய்கிறது. ஒரு கல்வி நிறுவனம் செய்ய வேண்டிய வேலையை இது இருபது வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிடுகிறது. பிள்ளை தடுமாறினால், ‘அவனுக்கு ஒழுங்கு போதாது’ என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறது.

நேரத்தைத் திட்டமிடச் சொல்கிறவர்கள் அந்த நேரத்தை ஒருமுறையாவது கூட்டிப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக அணியில் ஆடும் ஒரு மாணவி காலை ஐந்தரைக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். எட்டு மணிக்கு மெஸ். ஒன்பதிலிருந்து நாலரை வரை வகுப்பு. அதில் பாதி நாட்கள் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே லேப். ஐந்து மணிக்கு மறுபடி மைதானம், ஏழு ஏழரை வரை. அதன் பிறகு ரெக்கார்டு நோட்டு எழுதி, அசைன்மென்ட் முடித்து, இன்டர்னலுக்குப் படிக்க வேண்டும். உடலை வருத்திப் பயிற்சி செய்கிறவருக்குத் தூக்கம் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை. எதை வெட்டி எதில் சேர்ப்பாள் அவள்? இதில் திட்டமிடுவதற்கு மிச்சமிருப்பது என்ன?

இது சாதாரண நாள். நவம்பர், டிசம்பர் வந்தால் நிலைமை இன்னும் மோசம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள், பல்கலைக்கழக அணித் தேர்வு, பயிற்சி முகாம், தென்மண்டலப் போட்டி, அதில் தேறினால் அகில இந்தியப் போட்டி என்று வரிசையாக வரும் மாதங்களில்தான் செமஸ்டர் தேர்வும் செய்முறைத் தேர்வும் வருகின்றன. போட்டி அட்டவணையைப் போடுகிறவர்களும் தேர்வு அட்டவணையைப் போடுகிறவர்களும் தனித்தனி அறையில் உட்கார்ந்து போடுகிறார்கள். இரண்டும் மோதும் இடத்தில் நிற்பது அந்த மாணவி. ‘ஓ.டி.’ (ஆன் டியூட்டி) கொடுத்துவிட்டோமே என்பார்கள். ஓ.டி. வருகைப் பதிவேட்டை நிரப்பும். நடந்து முடிந்த பாடத்தை நடத்தித் தராது, தவறிய லேபைத் திறந்துவிடாது. பல பல்கலைக்கழகங்களில், தங்கள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஆடப் போனதால் தேர்வைத் தவறவிட்டவருக்கு அடுத்த செமஸ்டர் வரை வேறு வழி கிடையாது. மதிப்பெண் பட்டியலில் அது அரியர். பல நிறுவனங்கள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அரியர் உள்ளவரை அனுமதிப்பதில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013-ஆம் ஆண்டு விதிமுறையில் ஒரு பிரிவு இருந்தது. தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். 65 முதல் 74 சதவீதம் வரை உள்ளவர் விபத்து, ஆஸ்பத்திரி போன்ற மருத்துவக் காரணத்துக்காகவோ விளையாட்டுப் போட்டிக்காகவோ வராமல் இருந்திருந்தால் சான்றிதழ் காட்டி எழுதலாம் என்றது அது. சலுகை நல்லதுதான். ஆனால் அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். விபத்து, ஆஸ்பத்திரி, விளையாட்டு மூன்றும் ஒரே வரியில் நிற்கின்றன. பல்கலைக்கழகமே தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒருவர், நோயில் விழுந்தவரைப் போலச் சான்றிதழை நீட்டி மன்னிப்புக் கேட்கும் நிலையில் இருக்கிறார். கோப்பை வந்தால் நிறுவனத்துக்கு; வராத வகுப்புக்கு விளக்கம் மட்டும் மாணவரிடம்.

மேடைப் பட்டியலுக்கு வருகிறேன். அதில் இருக்கும் எல்லோரும் பெரிய ஆட்டக்காரர்கள், எல்லோர் மீதும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் பட்டியலில் இருப்பவர்கள் தப்பித்து வந்தவர்கள். இரண்டாம் ஆண்டில் மட்டையைக் கட்டி வைத்தவரும், மூன்றாம் ஆண்டில் பட்டத்தை விட்டவரும் எந்த மேடையிலும் ஏறுவதில்லை. அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும் பழக்கமும் நம்மிடம் இல்லை. அதோடு, பட்டியல் முழுக்க ஆண்கள், முழுக்க கிரிக்கெட். கிராமத்திலிருந்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்து சேர்ந்த கபடி வீராங்கனைக்கும், குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குள் நுழைந்த ஈட்டி எறிபவனுக்கும் இந்தப் பட்டியல் எந்த வழியையும் காட்டவில்லை. டியூஷன் வைக்கவோ, விட்ட பாடத்தை வீட்டில் யாரிடமாவது கேட்கவோ அவர்களுக்கு வசதி கிடையாது.

சிலர் ரோஜர் பேனிஸ்டரையும் இழுப்பார்கள். 1954 மே 6-ஆம் தேதி ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் ஒரு மருத்துவ மாணவர் என்பது உண்மை. மதிய இடைவேளையில் ஓடிப் பயிற்சி எடுத்தார் என்பதும் உண்மை. போட்டிக்குத் தயாராகும் இன்றைய ஓட்டக்காரருக்கு மதிய இடைவேளை போதும் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லமாட்டார்.

கல்லூரி விளையாட்டைப் பெரும் தொழிலாகவே நடத்தும் அமெரிக்காவில் இந்த விவாதம் தொழிலாளர் உறவு வாரியம் வரை போயிருக்கிறது. அங்கிருந்து இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்கிறேன்.

மைரன் ரோல், ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் வீரர். 2008 நவம்பரில், ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பதற்கான ரோட்ஸ் உதவித்தொகை நேர்காணல் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில். அதே நாளில் அவருடைய அணிக்கு மேரிலாந்தில் ஆட்டம். நேர்காணல் முடிந்து, உதவித்தொகையை வென்று, ஆட்டத்தின் நடுவே மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார், தொழில்முறை அணிக்குத் தேர்வானார், இன்று நரம்பியல் அறுவை மருத்துவர். மன உறுதியின் கதையாக இதைச் சொல்வார்கள். அவர் உறுதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அவரை மைதானத்துக்குக் கொண்டுவந்தது ஒரு தனி விமானம். கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு விதியைத் தளர்த்தி அதற்கு அனுமதி தந்தது. பயிற்சியாளர் முதல் பாதியை அவரில்லாமல் ஆடச் சம்மதித்தார். ஒரு நிறுவனம் முழுவதும் வழிவிட்டது, அவர் நடந்தார்.

கேய்ன் கோல்டரும் ஃபுட்பால் வீரர்தான், சிகாகோவை ஒட்டிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில். அவருக்கும் மருத்துவராகும் ஆசை. அதற்குக் கட்டாயமான வேதியியல் வகுப்பு, பயிற்சி நேரத்தோடு மோதியது. எடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டது. உடன் படித்தவர்களைவிடப் பின்தங்கி, கடைசியில் உளவியலுக்கு மாறினார். 2014-இல் அந்த அணி வீரர்கள் தொழிற்சங்கம் அமைக்க உரிமை கேட்டபோது அவர் தொழிலாளர் உறவு வாரியத்தின் முன் இதைச் சாட்சியமாகச் சொன்னார். பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று என்.சி.ஏ.ஏ. விதி சொல்கிறது, ஆனால் அந்த வீரர்கள் சீசனில் வாரம் 40 முதல் 50 மணி நேரம் ஃபுட்பாலுக்குக் கொடுக்கிறார்கள் என்று வாரியத்தின் வட்டார இயக்குநர் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு தலைமை வாரியம் இந்த வழக்கில் தலையிட மறுத்துவிட்டது, சங்கம் அமையவில்லை. ஆனால் அந்தக் கணக்கு பதிவில் நிற்கிறது. கோல்டருக்கு உழைப்பு குறைவு என்று யார் சொல்ல முடியும்? குறைந்தது இன்னொரு நேரத்தில் ஒரு வேதியியல் வகுப்பு.

வேலைச்சுமையைக் குறைக்காமல் பட்டத்தை மட்டும் காப்பாற்ற நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வட கரோலினா பல்கலைக்கழகம் சாட்சி. அதன் சேப்பல் ஹில் வளாகத்தில் 1993 முதல் 2011 வரை, ஆசிரியரே இல்லாத வகுப்புகள் நடந்தன. ஒரு கட்டுரையைக் கொடுத்தால் நல்ல மதிப்பெண். 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அதில் சேர்ந்திருந்தார்கள், ஏறக்குறையப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள் என்று 2014-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை சொன்னது. அது கருணை ஆகாது. படிக்க வந்தவர்களிடமிருந்து படிப்பைத் திருடியதுதான் அது. ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா பையன்தானே, பாஸ் போட்டுவிடலாம்’ என்று நம் ஊரில் சொல்லும் ஆசிரியர்களும் அறியாமல் அதையே செய்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குத் தேவை பாஸ் மார்க் இல்லை, தவறிய பாடம்.

விளையாட்டு வீரருக்கு மட்டும் தனித் தேர்வா, அது மற்றவர்களுக்கு அநீதி ஆகாதா என்று கேட்பார்கள். கேள்வித்தாளை எளிதாக்கச் சொல்லவில்லை. அதே தரத்துக் கேள்வித்தாளை வேறொரு தேதியில் தரச் சொல்கிறேன். பல்கலைக்கழகம் தன் வேலையாக வெளியூர் அனுப்பிய ஒருவருக்கு இன்னொரு தேதி தருவது சலுகை இல்லை, கடன்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. இப்படிப்பட்ட மாணவர்களுக்குக் கல்வி நிறுவனங்கள் எப்படி இடம் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2012-இலேயே வழிகாட்டு நெறிகள் வகுத்தது. நம் யு.ஜி.சி. 2021-இல் கொண்டுவந்த கல்விக் கடன்மதிப்பு வங்கி, சேர்த்த கிரெடிட்டுகளை இழக்காமல் படிப்பை நீட்டிக்கொள்ள இடம் தருகிறது. போட்டி மிகுந்த செமஸ்டரில் மூன்று பாடம் மட்டும் எடுத்து, நான்கு ஆண்டுப் படிப்பை ஐந்தில் முடிப்பதை அவமானம் இல்லாத, கூடுதல் கட்டணம் இல்லாத ஏற்பாடாக்கலாம். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கையில் 500 இடங்கள் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. உள்ளே வர வாசலைத் திறந்துவிட்டோம். உள்ளே வந்தவர் வெளியே பட்டத்தோடு போகிறாரா என்று பார்க்கும் பொறுப்பு மட்டும் யாருக்கும் இல்லாமல் இருக்கிறது. முழங்கால் போன பிறகு கட்டணச் சலுகையை நிறுத்திவிடும் தனியார் கல்லூரிகளும் உண்டு. காயம் பட்டவருக்குச் சலுகை தொடர வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

கல்விக் குழுவில் உட்காரும் பேராசிரியர்களே, உடற்கல்வி இயக்குநர்களே, அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள்: அணியோடு சென்றதால் தேர்வோ லேபோ தவறினால் முப்பது நாளுக்குள் மறுவாய்ப்பு. பெற்றோர்களே, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்க்கப் போகும் கல்லூரியில் மைதானத்தையும் கோப்பை அலமாரியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சென்ற ஐந்து ஆண்டுகளில் இந்தக் கோட்டாவில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.