பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களும் நாமும்

லண்டன் மாநகரின் வடமேற்கே வெம்பிளியில் ஒரு பெரிய உள்ளரங்கம் இருக்கிறது. 1934-இல் பேரரசு விளையாட்டுப் போட்டிகளுக்காக நீச்சல் குளமாகக் கட்டப்பட்டது. 1948 ஒலிம்பிக்கின் நீச்சல் போட்டிகளும் அங்கேதான் நடந்தன. இன்று அது பன்னிரண்டாயிரம் பேர் அமர்ந்து பாட்டுக் கேட்கும் இடம். ஈழத் தமிழரும் குஜராத்தியரும் கடை வைத்து வாழும் வட்டாரம் அது.

2017 ஜூலை 8 அன்று ஏ. ஆர். ரகுமான் அங்கே கச்சேரி நடத்தினார். நிகழ்ச்சியின் பெயரே ‘நேற்று இன்று நாளை’. ஆயினும் சீட்டு வாங்கி வந்த இந்தி ரசிகர்களில் சிலர், தமிழ்ப் பாட்டு அதிகமாகிவிட்டது என்று முகஞ்சுளித்து நடுவிலே எழுந்து போனார்கள். கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றும் கேட்டார்கள். அன்று இந்திப் பாட்டுக்கும் பஞ்சம் இருக்கவில்லை.

பாறசாலையில் இருந்துகொண்டு வெம்பிளியைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

நம் எல்லைக் கிராமங்களின் திருவிழா மைதானத்தை நினைத்துப் பாருங்கள். கோயில் உற்சவமானாலும் தேவாலயப் பெருநாளானாலும் கானமேளா உண்டு. மலையாளப் பாட்டு நாலு போனால் தமிழ்ப் பாட்டு ஒன்று வந்தாக வேண்டும். வராவிட்டால் சீட்டி பறக்கும். சீட்டி அடிப்பவர்களில் பாதிப்பேர் மலையாளம் பேசுகிற நம் அண்டை வீட்டார்தான்! ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் களியக்காவிளையில் எல்லை கடந்து, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியே திருவனந்தபுரம் போகிறார்கள். சாலையோரத்தில் விளக்கேற்றி நிற்பவர் எந்த மொழிக்காரர் என்று யாரும் விசாரிப்பதில்லை.

ஆக, மேடையில் தமிழுக்குக் குறைவில்லை. குறையெல்லாம் அலுவலக மேசையில்.

சில மாதங்களுக்கு முன் எம் உறுப்பினரான ஒரு மூதாட்டி, ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தார். கடிதம் மலையாளத்தில். அவருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். படித்துச் சொல்லும் பேரன் வளைகுடாவில். நாம் வாசித்தபோது, பதில் கொடுக்கவேண்டிய கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. வீட்டு வரி, நில வரி எல்லாம் தவறாமல் கட்டுகிற அம்மா அவர். சீட்டு வாங்கியவர்தானே அவரும்? பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

எம் சங்கத்தில் பிழைப்புக்காகக் குமரியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. இருந்த இடத்தைவிட்டு அசையாமலே சிறுபான்மையானவர்களும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை சேரவில்லை. அந்தக் கோட்டை மாற்றி வரையச் சொல்லி நாம் இன்று கேட்கவில்லை. எழுதிவைத்த சட்டத்தை நடத்தச் சொல்கிறோம். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வரவேண்டும். இதை எத்தனை பேர் அறிவோம்? பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வசதி செய்யச் சொல்லும் 350ஏ பிரிவும் அதே 1956-இல் அரசியல் சட்டத்தில் புகுந்ததுதான்.

களியக்காவிளைக்கு அப்பால் மலையாளம் பேசுவோர் நிலை மட்டும் மேலா என்றால், அதுவும் இல்லை. தமிழகத்தின் 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தை எதிர்த்து அங்குள்ள மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றப் படி ஏறவேண்டி வந்தது. அவர்கள் கவலையைப் புரிந்துகொள்ளாமல் நம் கவலையைப் பேச நமக்கு வாயில்லை.

நம் பங்குக் குற்றமும் உண்டு. தமிழில் எழுதினால் காரியம் தாமதமாகும் என்று பயந்து, மலையாளத்தில் மனு எழுதித்தர ஆள் தேடுகிறோம். தமிழில் மனுவே வராதபோது தமிழ் தெரிந்த ஊழியர் எதற்கு என்று நாளை கேட்டால் என்ன சொல்வோம்? பிள்ளையைத் தமிழ் வகுப்பில் சேர்க்க நூறு தடவை யோசிக்கிறோம்; கானமேளாவில் தமிழ்ப் பாட்டு வந்தால் மட்டும் முதல் வரிசையில் நின்று ஆடுகிறோம்!

ஞாயிறு மாலைகளில் சங்க அறைக்கு வாருங்கள். மனுவைத் தமிழில் எழுதித் தருகிறோம். நகல் ஒன்றை எம்மிடம் விட்டுச் செல்லுங்கள். எந்த மனுவுக்கு, எத்தனை நாளில், எந்த மொழியில் பதில் வந்தது என்பதை அடுத்த இதழ் முதல் இந்தப் பக்கத்திலேயே அச்சிடுவோம்.