கல்பாக்கம் வழியாகத்தான் கனடா

“ஷட்டவுனுக்குப் போயிருக்கான்.” குன்னம், வேப்பூர், செந்துறைப் பக்கத்து வீடுகளில் மகனைப் பற்றி விசாரித்தால் இந்தப் பதில் சர்வசாதாரணமாக வரும். வளைகுடாவில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நிறுத்திவைத்துப் பராமரிக்கும் சில வாரங்களுக்கு வெல்டராகவோ, ஃபிட்டராகவோ, பொருளைச் சிதைக்காமல் குறை கண்டறியும் என்டிடி பரிசோதகராகவோ ஒப்பந்தத்தில் போய்வரும் வேலை அது. லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடாப் பணத்தில் எழுந்த வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. பெரம்பலூரும் அரியலூரும் வெளிநாட்டு வேலையை நன்கு அறிந்த மாவட்டங்கள்.

அந்த வீடுகளின் அடுத்த தலைமுறை இப்போது பொறியியல் படித்திருக்கிறது. அவர்களிடமிருந்து வரும் கேள்வியும் மாறியிருக்கிறது. “மெக்கானிக்கல் முடிச்சிருக்கேன். வெளிநாட்டு அணுமின் நிலையத்துல வேலையாம். விசா கம்பெனியே போட்டுக் குடுக்கும்னு ஏஜென்ட் சொல்றார். போகலாமா?”

போகலாம். ஆனால், விசாவிலிருந்து தொடங்கினால் போய்ச் சேர முடியாது. சுத்திகரிப்பு ஆலைக்கு ஆள் எடுப்பதும் அணுஉலைக்கு ஆள் எடுப்பதும் ஒன்றல்ல. அங்கே எத்தனை பேர் வேண்டும், எவ்வளவு சம்பளம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இங்கே நீ யார், எந்த நாட்டுக் குடிமகன், உன் கையில் எந்த நுட்பத்தை ஒப்படைக்கலாம், இதற்கு முன் எந்த உலையில் என்ன செய்தாய் என்று நான்கு சல்லடைகள் இருக்கின்றன. நான்கிலும் தேறியவருக்கு விசா எடுப்பது நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு செய்துகொடுக்கும் எழுத்து வேலை. தேறாதவருக்கு எந்த ஏஜென்டாலும் அதை வாங்கித்தர முடியாது.

நமக்குப் பக்கத்தில் இருப்பதையே முதலில் பார்ப்போம். ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்கா அணுமின் நிலையத்தைக் கட்ட 2009 டிசம்பரில் தென்கொரியாவின் கெப்கோ ஒப்பந்தம் பெற்றது. தலா 1,400 மெகாவாட் கொண்ட நான்கு உலைகள். முதல் உலை 2021 ஏப்ரலிலும் நான்காவது 2024 செப்டம்பரிலும் வணிகரீதியில் இயங்கத் தொடங்கின. இன்று அந்த நாட்டின் மின்தேவையில் கால்பங்கை அந்த ஒரே இடம் கொடுக்கிறது. கட்டுமானம் நடந்த ஆண்டுகளில் அங்கே பல்லாயிரம் தொழிலாளர்களுக்கு வேலை இருந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. இயங்கும் நிலையத்துக்கு வேண்டியவர்கள் உலை இயக்குவதற்கு உரிமம் பெற்றவர்கள், கதிரியக்கப் பாதுகாப்பு அனுபவம் உள்ளவர்கள், எரிபொருள் மாற்றும் நாட்களில் பராமரிப்புக்கு வருபவர்கள். எஞ்சிய இடங்களில் அமீரகம் தன் சொந்த இளைஞர்களைப் பயிற்றுவித்து அமர்த்துகிறது. எந்த நாடும் அப்படித்தான் செய்யும். ‘பராக்காவில் ஃப்ரெஷர்களுக்கு உடனடி வேலை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வந்தால் இதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

அடுத்தது கனடா. இங்கேதான் நம் பிள்ளைகளின் விண்ணப்பத்துக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு ஒளிந்திருக்கிறது. கனடாவின் ‘கேண்டு’ உலையைத்தான் இந்தியா முதலில் ராஜஸ்தானில், கனடாவின் உதவியோடு நிறுவியது. இயற்கை யுரேனியம், கனநீர், கலண்ட்ரியா என்ற கலனுக்குள் வரிசையாகச் செல்லும் அழுத்தக் குழாய்கள் என்பது அதன் அமைப்பு. 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை செய்ததும் கனடா உதவியை நிறுத்திக்கொண்டது. ராஜஸ்தானின் இரண்டாவது உலையை நம் பொறியாளர்களே கட்டி முடித்தார்கள். 1983இல் கல்பாக்கத்தின் முதல் உலை நம் சொந்த முயற்சியில் உயிர்பெற்றது. பொக்ரான் சோதனைக்கு எதிர்வினையாகவே அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு உருவானது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை. ஆனாலும், 2008இல் அந்தக் குழு நமக்கு விலக்கு தந்தது. அதே ஆண்டு அமெரிக்காவுடன் ‘123’ எனப்படும் அணுசக்தி ஒப்பந்தம் கையெழுத்தானது. 2010இல் கையெழுத்தான கனடா ஒப்பந்தம் 2013இல் நடைமுறைக்கு வந்தது.

தேர்வுக்குப் படிக்கும் பொது அறிவுப் பாடம்போல் இது தோன்றலாம். ஆனால், பெரம்பலூரில் ஒருவர் அமெரிக்க அணு நிறுவனத்துக்கு விண்ணப்பம் அனுப்பும்போது இந்த வரலாறும் கூடவே போகிறது. அமெரிக்க எரிசக்தித் துறையில் ‘பகுதி 810’ என்று ஒரு விதி உண்டு. அணு நுட்பத்தை எந்த நாட்டவருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லுமுன் தனி அனுமதி வாங்க வேண்டும் என்பதை அது வகுக்கிறது. வெளிநாட்டவர் அமெரிக்க மண்ணிலேயே உட்கார்ந்து வேலை செய்தாலும், சில விலக்குகள் நீங்கலாக, அந்த விதி அவரைத் தொடும். ‘123’ ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பதினேழாம் ஆண்டில், 2025 மார்ச்சில்தான், தன் சிறிய உலையின் வடிவமைப்பு விவரங்களை இந்தியாவுடன் பகிர ஹோல்டெக் நிறுவனத்துக்கு அந்த அனுமதி கிடைத்தது. அதுவும் பெயர் குறிப்பிட்ட மூன்று நிறுவனங்களோடு மட்டும். அந்த ஹோல்டெக்கை நிறுவியவரோ பிஹாரில் பிறந்த கிருஷ்ண சிங். நிறுவனத் தலைவரின் பிறப்பிடம்கூட அந்த விதியைத் தளர்த்தவில்லை என்றால், புதிதாகப் படிப்பு முடித்தவருக்காக ஒரு நிறுவனம் எவ்வளவு தூரம் மெனக்கெடும்? இதன் மேல், வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் எச்-1பி பணியாளருக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் அறிவித்தார். கல்லூரியிலிருந்து நேரே அமெரிக்க அணுத்துறை என்ற கனவை இன்றைக்கு நான் யாருக்கும் ஊட்ட மாட்டேன்.

கனடாவின் கதை வேறு. உதவியை நிறுத்திய அதே நாட்டில்தான் நம் அனுபவத்துக்கு மதிப்பு மிகுதி. 2000களின் தொடக்கத்தில் கல்பாக்கத்தின் இரண்டு உலைகளிலும் பழைய கூலன்ட் சேனல்களைக் கூண்டோடு அகற்றிப் புதியவற்றைப் பொருத்தினார்கள். அதே இனத்து வேலைதான் ஒன்டாரியோவின் டார்லிங்டனில் 2016இல் தொடங்கி, உலை உலையாக நடந்திருக்கிறது. புரூஸ் நிலையத்திலும் நடக்கிறது. கல்பாக்கத்திலோ கைகாவிலோ பத்து ஆண்டு வேலை பார்த்த ஒருவருக்கு ஒன்டாரியோவின் உலை உறவுக்காரர் வீடுபோல இருக்கும். அறைகள் எங்கே என்று யாரும் காட்ட வேண்டியதில்லை. அங்கே குடியேற நிறுவனத்தின் ஸ்பான்சர்தான் வேண்டும் என்பதும் இல்லை. வயது, படிப்பு, மொழி, அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளி போடும் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ முறையில், வேலைக்கடிதத்துக்குக் கொடுத்துவந்த கூடுதல் புள்ளிகளையே 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். போலிக் கடிதங்களை விலைக்கு விற்கிறார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஒன்டாரியோவில் பொறியாளர் உரிமம் பெறக் கனடிய அனுபவம் கட்டாயம் என்ற விதியும் 2023இல் போய்விட்டது.

பிரிட்டனில் ஹிங்க்லி பாயின்ட் சி கட்டப்படுகிறது. சைஸ்வெல் சி-க்கு 2025 ஜூலையில் முதலீட்டு முடிவு எடுத்தார்கள். ஆள் தேவை உண்மை. ஆனால், திறன் பணியாளர் விசாவுக்கு ஆண்டுக்கு 41,700 பவுண்டு அல்லது அந்த வேலைக்கு வகுத்த சம்பளம், எது கூடுதலோ அது வேண்டும். இளையோருக்கு மட்டும் சற்றுத் தளர்வு உண்டு. அதைத் தாண்டினாலும் அணுநிலையத்தின் உள்பகுதிகளில் பல பணிகளுக்குப் பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. அதில் ‘எஸ்.சி.’ என்ற படிக்கு வழக்கமாக ஐந்து ஆண்டு பிரிட்டனில் வசித்திருக்க வேண்டும். ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்த அரசே இணையத்தில் வெளியிடுகிறது. பெயர் அதில் இல்லாவிட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

பலரும் கவனிக்காத ஓர் இடம் பிரான்ஸின் தெற்கில் இருக்கிறது. கதராஷில் உருவாகும் ‘ஈட்டர்’ அணு இணைவு ஆய்வுலை ஏழு உறுப்பினர்களின் கூட்டு முயற்சி. அதில் இந்தியாவும் ஒன்று. அந்த உலையைப் போர்த்தியிருக்கும் 3,850 டன் கிரையோஸ்டாட் கலன் குஜராத்தின் ஹஸீராவில் எல் அண்ட் டி செய்தது. இங்கே இந்தியக் குடியுரிமை பாரமல்ல, தகுதி. காலியிடங்களை அந்த அமைப்பின் இணையதளத்திலேயே பார்த்து விண்ணப்பிக்கலாம்.

ஆக, எல்லா வழிகளும் ஒரே கேள்வியில் வந்து முட்டுகின்றன: அனுபவம் எங்கே? அது நம் ஊரைச் சுற்றித்தான் இருக்கிறது. இந்திய அணுமின் கழகம் கேட் மதிப்பெண்ணை வைத்து மெக்கானிக்கல், கெமிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன், சிவில் பட்டதாரிகளை எடுக்கிறது. ‘நியூக்ளியர் இன்ஜினீயரிங்’ என்று பட்டத்தில் எழுதியிருக்க வேண்டியதில்லை. ஓராண்டுப் பயிற்சி, பிறகு மூன்று ஆண்டு பணிக்குப் பத்திரம் எழுதித்தர வேண்டும். டிப்ளமோ, ஐடிஐ படித்தவர்களுக்கு ‘ஸ்டைபெண்டரி டிரெய்னி’ என்று தனி வழி உண்டு. கூடங்குளத்தில் மூன்று முதல் ஆறு வரையிலான உலைகளின் கட்டுமானம் நடந்துவருகிறது. திருச்சி பெல் ஆலையில் கனநீர் உலைகளுக்கான நீராவி ஜெனரேட்டர்களைச் செய்கிறார்கள். வங்கதேசத்தின் ரூப்பூரில் ரஷ்யா கட்டும் உலைகளும் கூடங்குளத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அந்தத் திட்டத்தில் ஒத்துழைக்க இந்தியா, ரஷ்யா, வங்கதேசம் மூன்றும் 2018இல் ஒப்பந்தம் செய்தன.

‘ஷட்டவுன்’ போகும் இளைஞர்களைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். கையில் தொழில் வைத்திருப்பவர்கள் அவர்கள். என்டிடி லெவல்-2 சான்றிதழை ஒரு சில வாரப் பயிற்சியில் கொடுத்துவிடுகிறார்கள். அமெரிக்க முறையில் அமைந்த அந்தச் சான்றிதழ் வளைகுடா ஆலைகளில் செல்லும். பிரிட்டனிலோ கனடாவிலோ அணுநிலையத்துக்குள் அது போதாது. ஐஎஸ்ஓ 9712 வழியிலான சான்றிதழ் கேட்பார்கள். இதை முன்பே சொல்ல ஆளில்லாமல் பணமும் ஆண்டுகளும் வீணாகின்றன. இன்னொன்று, கதிரியக்கப் பகுதியில் வேலை செய்பவரின் சட்டையில் குத்தும் டிஎல்டி பேட்ஜ். அது பதிவுசெய்யும் கதிர்வீச்சு அளவுக்கு இந்தியாவில் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30 என்பது வரம்பு. ஒப்பந்ததாரர் மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளி தன் டோஸ் பதிவின் நகலை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவன் உடல் எவ்வளவு தாங்கியிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. நாளைக்கு வெளிநாட்டு அணுநிலையம் முதலில் கேட்பதும் அதைத்தான். கூடங்குளம் உலைகள் குறித்து இடிந்தகரை மக்கள் 2011இல் எழுப்பிய அச்சங்களை மதிக்கும் எவரும் இந்தத் தொழிலாளியின் டோஸ் பதிவைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது.

இனி பணத்தின் கதை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வோர் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும். பதிவெண்ணை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். அமீரகச் சட்டத்தில் ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டுவதற்குத் தடை இருக்கிறது. பிரிட்டனிலும் ஸ்பான்சர் சான்றிதழின் கட்டணத்தைத் திறன் பணியாளரிடம் வசூலிக்க நிறுவனத்துக்கு அனுமதி இல்லை. அணுஉலை வேலைக்கு விசா என்று சொல்லி லட்சங்களில் பணம் கேட்பவர் எந்தச் சட்டத்தின் கீழும் நேர்மையானவராக இருக்க முடியாது.

இதில் பட்டதாரிக்கென்று தனி ஆபத்து ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்புகூட முடிக்காதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி தேவை. ஒப்பந்தம் ஒருமுறையாவது அரசின் கண்ணில் படும். படித்தவரின் பாஸ்போர்ட்டுக்கு அந்த அனுமதி தேவையில்லை. படிப்பு என்ற ஒரே காரணத்தால் அவருடைய ஒப்பந்தத்தை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. 2022இல் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கியவர்களில் தமிழ்நாட்டுப் பட்டதாரிகளும் இருந்தார்கள். கணினி வேலை என்று நம்பித்தான் அவர்கள் போனார்கள்.

தமிழ்நாடு அரசிடம் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அயலகத் தமிழர் நலனுக்குத் துறையும் இருக்கிறது. இரண்டும் சென்னையில் இருக்கின்றன; ஏஜென்டோ ஊருக்குள்ளேயே இருக்கிறார். பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில், வேலைக்கடிதத்தைக் கொண்டுவந்தால் அதே நாளில் சரிபார்த்துச் சொல்ல ஒரு மேசையும் ஒரு பயிற்சி பெற்ற அலுவலரும் போதும். பெரிய செலவே இல்லாத காரியம் இது.

நாட்டின் செலவில் பயிற்சி பெற்றவரை வெளியே அனுப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால், கணக்கைப் பாருங்கள். இன்று 9,000 மெகாவாட்டைத் தொடாத இந்திய அணுமின் திறனை 2047க்குள் ஒரு லட்சம் மெகாவாட்டாக்குவோம் என்று 2025 நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு அறிவித்தது. தனியாருக்கு இந்தத் துறையைத் திறக்கும் சட்டமும் அந்த ஆண்டு டிசம்பரில் நிறைவேறியது. இலக்கில் பாதி நிறைவேறினாலே, பத்து ஆண்டு அனுபவம் சேர்த்த அரியலூர்ப் பொறியாளரை ஒன்டாரியோவும் தாராப்பூரும் ஒரே நேரத்தில் கூப்பிடும். எதற்குப் போவது என்று அவர் தீர்மானிக்கட்டும்.

மின்நிலையம் வரும் என்று வாக்குறுதி கேட்டுப் பழகிய ஊர்கள் இவை. ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்காக 1990களில் நிலம் எடுத்தார்கள். திட்டம் வரவே இல்லை. கடைசியில் நிலத்தைத் திருப்பித் தருவதாக அரசு முடிவெடுத்தது. அதனால் இன்னொரு பெரிய அறிவிப்பை நான் கேட்கவில்லை. திருச்சி பெல் வளாகத்தில் 1975இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் இந்த இரண்டையும் இணைத்து, பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களுக்கும் ஐடிஐ மாணவர்களுக்கும் அணுத்தர வெல்டிங், ஐஎஸ்ஓ 9712 வழியிலான என்டிடி, கதிரியக்கப் பாதுகாப்பு ஆகியவற்றில் ஆறு மாதப் பயிற்சியை அரசு தொடங்கலாம். அரியலூரிலிருந்து பெல் வளாகம் இருக்கும் திருவெறும்பூருக்குக் காலையில் பேருந்து ஏறினால் முதல் வகுப்புக்குப் போய்விடலாம்.