ஆடும் புலியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஓர் அபூர்வ பாக்கியம் கிட்டியது. திருத்த வேண்டிய விடைத்தாள் ஒன்றுகூட வீட்டில் இல்லை. போக வேண்டிய கல்யாணமும் இல்லை. உபாத்தியாயர் உத்தியோகத்தில் இவ்விரண்டும் ஒரே நாளில் கூடிவருவது சூரிய கிரகணத்தைக் காட்டிலும் அரிது. ஆகவே விழுப்புரத்தில் ரயில் ஏறி, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, மயிலம் எல்லாவற்றையும் ஜன்னல் வழியே சாவகாசமாகப் பார்த்துக்கொண்டு, திண்டிவனத்தில் போய் இறங்கினோம்.

திண்டிவனத்தில் நமக்கு ஒரு சிநேகிதர் உண்டு. மற்றவர்கள் நிலம் சேர்ப்பார்கள், நகை சேர்ப்பார்கள். அவர் விளையாட்டுப் பலகைகளைச் சேர்க்கிறார். அவருடைய தகரப் பெட்டியில் பல்லாங்குழி, தாயக்கட்டை, பரமபத சோபான படம், சதுரங்கம் எல்லாம் உண்டு. பெட்டியின் மூலையில் ஒரு பை நிறையப் புளியங்கொட்டை.

"திந்திரிணி வனம் என்பதுதானே திண்டிவனம்! புளியங்காட்டில் பிறந்துவிட்டுப் புளியங்கொட்டைக்குப் பஞ்சம் வைக்கலாமா?" என்றார் சிநேகிதர்.

வாஸ்தவந்தான். புளியங்கொட்டையைப் போல் உபகாரமான வஸ்து வேறொன்று இல்லை. குழிக்கு ஐந்தாகப் பதினான்கு குழிகளில் எழுபது கொட்டைகளை இட்டால் பல்லாங்குழி தயார், ஆடிக்கொண்டே போகையில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு', குழிக்குடையவர் அள்ளிக்கொள்ளலாம். கொட்டையின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினால் அதுவே தாயம் உருட்டுவதற்கும் ஆகிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபதம் ஆடிய நம் பாட்டிமார்கள் எந்தக் கடையிலும் போய் எதையும் வாங்கவில்லை.

சாப்பாடு ஆனதும் சிநேகிதரின் தாயார் திண்ணைக்கு வந்தார். எண்பதை நெருங்கிய அம்மாள். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் முக்கோணம் போட்டு, குறுக்கே கோடுகள் இழுத்து, "தம்பி, ஒரு ஆட்டம் பார்க்கிறீர்களா?" என்றார். ஆடு புலி ஆட்டம்! இருபத்து மூன்று சந்திகள், மூன்று புலி, பதினைந்து ஆடு. நாம் பட்டதாரி என்ற மிதப்பில் புலிகளை எடுத்துக்கொண்டோம்.

முதல் ஐந்து நிமிஷத்தில் மூன்று ஆடுகளைத் தாண்டித் தின்றுவிட்டோம். நமக்கு உள்ளூர ஒரே பெருமை. அப்புறம் நாலாவது ஆடு கிடைக்கவே இல்லை. ஒரு ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆடு நின்றுவிட்டால் புலி பாய்வதற்கு இடம் ஏது? அம்மாள் ஒவ்வொரு கொட்டையையும் அப்படி ஜோடி ஜோடியாகவே வைத்துக்கொண்டு வந்தார். நம் புலிகள் மூன்றும் அடிவரிசை மூலையில் ஒன்றையொன்று பார்த்து விழித்துக்கொண்டு நின்றன.

"அவசரப்பட்டுச் சாப்பிட்டுவிட்டீர்கள், தம்பி. இனி எங்கே போவீர்கள்?" என்றார். பிறகு சாதாரணமாக, "உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதெல்லாம் ஆடுகிறார்களா?" என்று கேட்டார்.

நாம் பதில் சொல்லாமல் காப்பியைக் குடித்தோம். அதற்குக் காரணம் உண்டு.

சென்ற பருவத்தில் ஒரு நாள் மத்தியான இடைவேளையில், எட்டாம் வகுப்புப் பையன்கள் நால்வர் பள்ளித் தாழ்வாரத்தில் இதே முக்கோணத்தைப் போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பரீட்சைக்குப் பத்தே நாள் இருந்தது. நாம் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அவர்கள் கையாலேயே அதை அழிக்கச் செய்தோம். அதோடு நிற்காமல், விளையாட்டில் பொழுது போக்குகிறவன் உருப்பட மாட்டான் என்று ஒரு பிரசங்கமும் செய்தோம்.

அந்தப் பிரசங்கத்துக்கு முன்னும் பின்னும் நாம் செய்த வேறு பிரசங்கங்களையும் சொல்லிவிட வேண்டும். 2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, தமிழ்நாட்டின் பெருமையைப் பற்றி வகுப்பில் அரை மணி பேசினோம். 2024 டிசம்பரில் சென்னைப் பிள்ளை குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியனானபோது கை தட்டச் சொன்னோம். விசுவநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனதை வினாத்தாளிலேயே கேட்டிருக்கிறோம். உலகம் ஒப்புக்கொண்ட பிறகு கை தட்டுவதற்கு நாம் எப்போதும் தயார். தாழ்வாரத்தில் உட்கார்ந்து யோசிக்கிற பையன் கண்ணில் பட்டால்தான் வாளியைத் தேடுகிறோம்.

அன்று நாம் அழித்ததில் யார் கட்சி ஜெயிப்பதாக இருந்தது என்றுகூட நாம் பார்க்கவில்லை. தோற்பதை முகம் கோணாமல் ஏற்றுக்கொள்வதையும், எதிராளி என்ன நினைக்கிறான் என்று யோசித்துப் பார்ப்பதையும் கற்பிக்க நம் பாடத்திட்டத்தில் தனிப் பீரியடு கிடையாது. அதை அவர்கள் தாமாகவே, சம்பளமில்லாமல், கற்றுக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் அந்த நால்வரில் ஒருவனைக் கூப்பிட்டு, சுண்ணாம்புக் கட்டியைக் கையில் கொடுத்து, தாழ்வாரத்தில் கோடு போடச் சொன்னோம். அவன் நம் முகத்தையும் கட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"போட்ட பிறகு அழிக்கச் சொல்வீர்களா, சார்?"

"இல்லை."

அவன் போட்டான். கோடு ஒன்றுகூடக் கோணவில்லை. சட்டைப் பையிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்து எண்ணி வைத்தான். பதினைந்தும் சரியாக இருந்தன. இத்தனை நாளும் அவன் அவற்றை எறியவில்லை.

நாம் இந்தத் தடவை ஆடுகளை எடுத்துக்கொண்டோம். அப்படியும் தோற்றோம்.