காகமும் பனம்பழமும்

காகம் அமர்ந்தது, பனம்பழம் வீழ்ந்தது. காகத்தின் கனத்தால்தான் வீழ்ந்தது என்பான் மூடன். ஒன்றுக்கொன்று தொடர்பே இருக்காது என்று பார்க்காமலே சாதிப்பவன்? அவனும் பகுத்தறிவாளன் அல்லன் என்கிறோம் நாம். காகம் அமர்ந்த மரங்களில் வீழ்ந்தவை எத்தனை, அமராத மரங்களில் வீழ்ந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பவனே பகுத்தறிவாளன்!

2024 ஏப்ரல் இறுதியில் ஒரு செய்தி வந்தது. ஆஸ்ட்ராஜெனகா நிறுவனம், தன் கொரோனா தடுப்பூசி மிக அரிதாக இரத்த உறைவை உண்டாக்கக்கூடும் என்று பிரிட்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதாம். இந்தியாவில் கோவிஷீல்டு என்னும் பெயரில் கோடிக்கணக்கானோர் போட்டுக்கொண்ட ஊசி அது. உடனே கிளம்பிற்று ஒரு கூட்டம். "பார்த்தீர்களா! ஊசி வேண்டாம் என்று அன்றே சொன்னோமே!" என்று மார்தட்டிற்று.

தோழர்களே! இவர்களா கண்டுபிடித்தார்கள்? 2021 மார்ச்சிலேயே டென்மார்க்கும் நார்வேயும் அந்த ஊசியை நிறுத்தி வைத்தன. ஊசி போட்டுக்கொண்ட மிகச் சிலரின் உடலில், இரத்தத் தட்டணுக்களின் புரதம் ஒன்றுக்கு எதிராக எதிர்ப்பொருள் தோன்றுவதையும், அது தட்டணுக்களைத் தூண்டி இரத்தத்தை உறையவைப்பதையும் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் கண்டனர். 2021 ஏப்ரல் 7 அன்று, இது மிக அரிதான பக்கவிளைவே என்று ஐரோப்பிய மருந்து முகமை அறிவித்தது. அதே நாளில் பிரிட்டனில், 30 வயதுக்குட்பட்டோருக்கு வேறு ஊசி தருவதே நலம் என்று வல்லுநர் குழு அறிவுரை கூறிற்று. நீதிமன்றச் செய்திக்கு மூன்றாண்டு முன்பே!

சோதிடர் சொன்னாரா? சாமியாடி சொன்னாரா? ஊசியைத் தந்த அறிவியலே அதன் குற்றத்தையும் எடுத்துரைத்தது. தன் பிழையைத் தானே எண்ணி ஊரறிய உரைத்த மதம் எது? கேட்கிறோம்; விடையில்லை!

கணக்கையும் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் தடுப்பூசி போட்டுக்கொண்ட 2 கோடியே 90 இலட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்த ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் முடிவு 2021 ஆகஸ்டில் வெளிவந்தது. 1 கோடி பேர் இந்த ஊசியின் முதல் தவணையைப் பெற்றால், சிரைகளில் இரத்தம் உறைந்து மருத்துவமனை சேர்வோர் அல்லது மாள்வோர் கூடுதலாக 66 பேர். 1 கோடி பேரைக் கொரோனா பற்றினால்? 12,614 பேர்! 66-ஐத் தெருத்தெருவாய்க் கூவி, 12,614-ஐ மடியில் மறைப்பதற்குப் பெயர் எச்சரிக்கையா? இல்லை, ஏமாற்று!

பெரியம்மையை அம்மனின் சினமென்று அஞ்சி, வாசலில் வேப்பிலை செருகிய நாடு இது. வேப்பிலையா அதை விரட்டிற்று? ஊசி விரட்டிற்று! 1980-இல் உலகமே அந்நோயினின்று விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த ஊசியும் தீங்கு அறவே அற்றதன்று. நோயின் கொடுமையோடு ஒப்பிட்டே உலகம் அதை ஏற்றது.

ஆயினும், இன்னொரு சாராரையும் கண்டிக்கிறோம். "கோடியில் 66 தானே!" என்று தோளைக் குலுக்குவோரே! அந்த 66-இல் ஒருத்தி ஒரு வீட்டின் மகள். அவளை இழந்தவரின் அழுகையை மூடநம்பிக்கை என்று தள்ளுவது பகுத்தறிவன்று, கல்நெஞ்சம். ஊர் நலனுக்காகக் கை நீட்டியவருக்குக் கேடு நேர்ந்தால், ஊர்ப் பணத்திலிருந்து ஈடு செய்வதே அறம். பிரிட்டன் 1979-லேயே அதற்குச் சட்டம் இயற்றிற்று. இந்திய ஒன்றிய அரசோ, இத்தகைய இறப்புகளுக்கு அரசை இழப்பீட்டுப் பொறுப்பாளியாக்குவது சட்டப்படி நிலைக்காது என்று 2022 நவம்பரில் உச்சநீதிமன்றத்தில் உரைத்தது. ஊசி போடுக என்று முரசறைந்த வாய், உயிர் போனபின் உரிமையியல் நீதிமன்றத்துக்கு வழி காட்டிற்று!

இளைஞர்களே! யார் எந்த எண்ணைச் சொன்னாலும் கேளுங்கள்: "எத்தனை பேரில்? ஊசி இல்லாவிட்டால் எத்தனை?" அந்தக் கேள்விக்கு அஞ்சுபவன் காவி உடுத்தினாலும், கோட்டு அணிந்தாலும், அவன் நம் பகைவனே!