வழக்கிட நீ யார்?

அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் மீதான வழக்குகள் ஏன் செய்தியாவதில்லை என்று கேட்டால், 'ஊடகச் சதி' என்று உடனே விடை சொல்லும் நண்பர்கள் உண்டு. நாம் அந்தக் கட்சியில் இல்லை. சதி செய்வதற்கும் கொஞ்சம் அக்கறை வேண்டும்; இங்கே அதுகூட இல்லை.

கேள்வி அற்பமானதல்ல. அந்நாட்டின் வட்டி விகிதப் போக்கைத் தீர்மானிக்கும் திறந்த சந்தைக் குழுவில் 12 வாக்குகள். எழுவர் குடியரசுத் தலைவர் நியமித்து செனட் ஒப்புதல் பெற்றவர்கள். மற்ற ஐவர் வட்டார ரிசர்வ் வங்கிகளின் தலைவர்கள். அவர்களைத் தெரிவு செய்வோர் அவ்வங்கிகளின் இயக்குநர்களே. அவ்வங்கிகளின் பங்குகளோ உறுப்பு வங்கிகளின் கையில். நாட்டின் பணத்தை ஆள இந்த ஐவருக்கு அரசமைப்பு இடம் தருகிறதா?

1976இல் இதைக் கேட்டவர் ஹென்றி ராய்ஸ், பிரதிநிதிகள் சபையின் வங்கிக் குழுத் தலைவர். வழக்கிட உமக்குத் தகுதியில்லை என்று 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுப்பிவிட்டது. அடுத்து வந்த செனட்டர் டொனால்ட் ரீகலுக்கு 1981இல் தகுதி உண்டென்று ஒப்புக்கொண்டது; ஆனால் குறையைச் சக உறுப்பினர்களிடம் சொல்லிச் சட்டத்தை மாற்றிக்கொள்க என்றது. உயர் வட்டியால் நொந்த வணிகர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு வந்தார்கள். அவர்களது நட்டத்துக்கும் குழுவின் அமைப்புக்கும் தொடர்பு தெரியவில்லை என்று 1985இல் தீர்ப்பாயிற்று. ஆள்வோனுக்கு ஒரு காரணம், ஆளப்படுவோனுக்கு வேறொரு காரணம். இருவருக்கும் கதவு ஒன்றே.

இதை எந்தச் செய்தி ஆசிரியர் தலைப்பாக்குவார்? 'செல்லும்' என்றாலும் செய்தி, 'செல்லாது' என்றாலும் செய்தி. 'நீ கேட்கக் கூடாது' என்பது உள்பக்கத்தில் நான்கு வரி. நீதிமன்ற நிருபருக்கு நாணயக் கொள்கை புரியாது. சந்தை நிருபருக்கோ நாளைய வட்டிதான் முக்கியம். போதாக்குறைக்கு, காகித நோட்டு பணமே அல்ல என்று சொல்லி வரி கட்ட மறுப்போர் தொடுக்கும் வழக்குகள் வேறு. அவற்றின் நாற்றம் நியாயமான வழக்குகள்மீதும் படிந்துவிட்டது என்பதே நம் எண்ணம்.

பொருள் கடினமானது என்பது சாக்குத்தான். ஐரோப்பிய மத்திய வங்கி கடன் பத்திரங்களை வாங்கிக் குவித்ததில் அதிகார வரம்பை மீறிவிட்டது என்று ஜெர்மானிய அரசமைப்பு நீதிமன்றம் 2020 மே 5 அன்று விடை சொன்னபோது, அதைவிடக் கடினமான விவகாரம் கண்டம் முழுவதும் பேசப்பட்டது. 2008 நெருக்கடியில் யார் யாருக்குக் கடன் தரப்பட்டது என்று கேட்டு ப்ளூம்பெர்க் தொடுத்த வழக்கும் பரவலாக எழுதப்பட்டது. வழக்காடியதே செய்தி நிறுவனமல்லவா! 2025இல் ஆளுநர் லிசா குக்கை நீக்க டிரம்ப் முயன்றதை அறியாதவர் இல்லை. அங்கே முகம் இருந்தது, பகை இருந்தது. கதை படிக்கும் நமக்கு இது விளங்காததல்ல: மாந்தரும் இல்லாமல் முடிவும் இல்லாமல் ஒரு கதையை எவரும் அச்சேற்றுவதில்லை.

அந்தப் பழைய வரிசையில் ஒரே ஒரு முறை விடை கிடைத்தது. செனட்டர் ஜான் மெல்ச்சரின் வழக்கில், குழுவின் அமைப்பு செல்லும் என்று 1986இல் கீழ் நீதிமன்றம் துணிந்து சொன்னது. மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விடைக்குள் நுழையாமல், ரீகலுக்குச் சொன்னதையே இவருக்கும் சொல்லி வழக்கை முடித்தது. 1988இல் உச்ச நீதிமன்றமும் விசாரணைக்கு ஏற்க மறுத்தது.