திகதி காக்காது
கனடாவில் கரவன் வண்டி வைத்திருக்கும் நம்மவர் சிலரது வழக்கமொன்றைக் கண்டிக்கிறேன். கோடைப் பயணம் முடிந்ததும், மீந்த ரின்மீனையும் மாவையும் அடுத்த கோடைக்கென வண்டியிலேயே விட்டுவிடுகின்றனர். கேட்டால், “ரின்னில் இன்னும் இரண்டு வருடத் திகதி இருக்கிறது” என்கின்றனர்.

அத்திகதி வீட்டு அலுமாரிக்கே பொருந்தும். பனியில் உறையும் வண்டிக்கன்று. உறையும் நீர் ஏறத்தாழ 9 வீதம் விரியும். ரின்னின் பொருத்து விலகினால் கிருமி உட்புகும். பொட்டுலினம் என்ற நஞ்சை மூக்கு அறியாது. மாவைத் தேடிவரும் சுண்டெலியோ மின்கம்பியையும் கடிக்கும்.

பசியறிந்த இனம் உணவை வீசத் தயங்குவது எனக்குப் புரிகிறது. வீசச் சொல்லவில்லை, பனிக்கு முன்பே வீட்டுக்குள் எடுத்து வையுங்கள் என்கிறேன். உப்பிய ரின்னை மட்டும் திறவாமலே எறியுங்கள்.

சில டொலர்களுக்காகப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைப்பதா சிக்கனம்?