வளைந்த முதுகுக்கு வசைமொழியா மருந்து?

தோட்டப்புறத்தில் முதுகு வளைந்த தொழிலாளி வலியென்று சொன்னால் இரண்டு குரல்கள் எழுகின்றன. "வேலைக்கு ஒளிகிறான்" என்பது மேலிருந்து வரும் குரல். "எல்லாம் தலைவிதி" என்பது நம்மவர் குரல். இரண்டையும் நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இது சோம்பலுமல்ல, விதியுமல்ல, நோய். கூன் என்பது முதுகு முன்பக்கம் வளைவது. இதுவோ முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்வது. மருத்துவர்கள் இதை ஸ்கோலியோசிஸ் என்பர். நிற்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் வளைவு 10 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் இந்தப் பெயர். ஒரு தோள் உயர்ந்திருக்கும். இடுப்பு ஒரு பக்கம் ஒதுங்கும். பெரியவர்களிடம், இளமையில் தொடங்கிய வளைவு தொடர்வதும் உண்டு. வயதாகி மூட்டுகளும் இடைத்தட்டுகளும் தேய்ந்து புதிதாக வளைவதும் உண்டு.

உண்மையை மறைத்து வாதாட நமக்கு அவசியமில்லை. இளமையில் வந்த வளைவுக்குக் காண்டாக் கம்பு சுமந்தது காரணமல்ல. கிராணி நாற்காலியில் கோணலாக உட்கார்ந்ததும் காரணமல்ல. பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று மருத்துவமே இன்னும் கண்டறியவில்லை. அதற்காக, "வேலையால் வந்ததல்லவே" என்று நிர்வாகம் கைகழுவ முடியுமா? வலிக்கும் முதுகில் பாரத்தை ஏற்றினால் வலி கூடும் என்பதை அறியப் பட்டப்படிப்பு வேண்டுமா?

தோழர்களே, நாமும் ஏமாறக்கூடாது. எண்ணெய் தேய்ப்பு சற்று இதம் தரலாம், எலும்பை நிமிர்த்தாது. வளர்ச்சி முடிந்தவருக்குப் பட்டைக் கச்சையும் நிமிர்த்தாது. முதுகை முறித்து நேராக்குகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். முறையான பயிற்சியாளர் கற்றுத்தரும் உடற்பயிற்சி, நடை, டாக்டர் தரும் வலிமருந்து, புகையை விடுதல் ஆகியவையே பலருக்கும் உதவும். வளர்ச்சி முடிந்தபோது 30 டிகிரிக்குக் குறைந்த வளைவு பெரும்பாலும் கூடுவதில்லை; 50 டிகிரியைத் தாண்டியது மெல்லக் கூடக்கூடும், கண்காணிப்பு தேவை. அறுவை சிகிச்சை சிலருக்கே வேண்டியிருக்கும். காலில் பலம் குன்றினாலோ, மலசலம் கட்டுப்பாட்டில் இல்லாது போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்றளித்தால், சேவைக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. உழைக்கும் திறனையே நிரந்தரமாக இழந்தவர், நோய் வேலையால் வராதிருந்தாலும், சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால் சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் கோரலாம்.

நாம் கேட்பது என்ன? டாக்டர் சொன்னால் வாளியின் பாரத்தைக் குறையுங்கள். கிராணி இடையிடையே எழுந்து நடக்க விடுங்கள். வலியென்று வருபவரை மாத்திரையோடு விரட்டாமல் எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள். இது பிச்சையல்ல, நியாயம். முதுகு வளைந்திருக்கலாம், நம் கோரிக்கை வளையாது!